திருவேங்கடத்தின் சொந்த ரூட்டர்

திருவேங்கடத்துக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் தவமணி. தீக்காயப் பிரிவில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஜவ்வாது மலை அடிவாரத்தில் கருங்கல் சுவர் வைத்த ஒரு வீட்டில் குடியேறினார். போக இடமில்லாத நோயாளிகள் இரண்டு பேரையும் கூட அழைத்து வந்தார். பிறகு, அவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகலாம் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் சிலர் போகவில்லை.

திருவேங்கடம் அப்படிப் போகாமல் தங்கியவர்.

தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் பொறியாளராக இருந்தார். செம்புக் கேபிள் காலத்து ஆள். அவர் கட்டிய எக்ஸ்சேஞ்சில் ஒரு வயர்கூடத் தொங்காது. எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி இருக்கும். பணி ஓய்வு விழாவில் பதினான்கு பேர் அவரைப் பாராட்டிப் பேசினார்கள். ஏற்புரையாக அவர் நாற்பது நிமிடம் பேசினார். வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மனைவி கேட்டாள்.

"ஒருத்தர் பேரைக்கூட நீங்க சொல்லலியே?"

"எல்லாம் நான் செஞ்சது. யார் பேரைச் சொல்ல?" என்றார்.

அடுத்த வருடம் மனைவி போய்விட்டாள். கேள்வி போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. தவமணி முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். திருவேங்கடம் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"பதினோரு மாசமா இங்க இருக்கேன். சோறு போடறீங்க. எடம் குடுத்திருக்கீங்க. நன்றி சொல்லணும்னு புத்திக்குத் தெரியுது. வாயும் சொல்லுது. ஆனா உள்ள ஒன்னும் அசையல. நன்றின்னா என்னம்மா? அது எங்கிருந்து வருது?"

தவமணி ஒரு கொத்தை உருவி முடித்துக் காம்பை எறிந்தார்.

"பவளக்கொடிக்கு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோர்ட்டு. போன ரெண்டு தடவையும் நடுவுல நெட்டு போயிடுச்சு. இந்தத் தடவை போகக் கூடாது. நீங்க பாத்துக்குங்க."

"நான் கேட்டது வேறம்மா."

"காதுல விழுந்துது ஐயா. அதுக்குத்தான் சொல்றேன்."

பவளக்கொடிக்கு முப்பத்திரண்டு வயது. பஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போனவள். வீட்டின் கடைசி அறையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் தட்டச்சு வேலை செய்து சம்பாதிக்கிறாள். அவளுக்கு ஒரே மகள், நிறைமதி, ஏழு வயது. விபத்து நடந்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன கணவன் வீட்டார் பிறகு திருப்பித் தரவில்லை. 'நடக்க முடியாதவ எப்படிப் புள்ளை வளப்பா' என்பது அவர்கள் வாதம்.

வழக்கு நடப்பது இருநூறு கிலோமீட்டர் தள்ளி. அவளால் போய்வர முடியாது என்பதால் வீடியோவில் விசாரிக்க நீதிபதி சம்மதித்திருந்தார். முதல் முறை, அவள் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திரை உறைந்தது. இரண்டாம் முறை நீதிபதியின் கேள்வி வந்தது. அவள் பதில் போகவில்லை. இந்தத் தடவையும் இப்படி ஆனால், இருக்கிற காகிதங்களை வைத்தே முடிவு செய்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

திருவேங்கடத்துக்குக் கோளாறு எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. கூடத்தில் கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. ஃபைபர் வயரில் வரும் வெளிச்சத்தை இன்டர்நெட்டாக மாற்றுவதும் அதுதான், வைஃபை கொடுப்பதும் அதுதான். மூன்று கருங்கல் சுவரைத் தாண்டி அதன் வைஃபை கடைசி அறைக்குள் நுழையத் திணறியது.

"ஓசிப் பெட்டி," என்றார். "நம்ம சொந்த ரூட்டர் ஒன்னு வச்சாத்தான் சரிப்படும். கம்பெனிப் பெட்டி வெளிச்சத்தை வாங்கி அப்படியே கைமாத்தி விட்டாப் போதும். மத்ததெல்லாம் நம்ம ரூட்டர் பாத்துக்கும்."

அன்றைக்கே போளூர் போய் ரூட்டர் வாங்கி வந்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க ஏணியில் நின்றார். கூடத்திலிருந்து கடைசி அறை வரை இருபத்து நான்கு மீட்டர் வயர். ஒரு சாணுக்கு ஒரு கிளிப். மூலை திரும்பும் இடங்களில்கூட வயர் சுவரை விட்டு நகம் அளவு விலகவில்லை.

பவளக்கொடி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்குமா ஐயா?"

"நான் போடற லைன் நிக்கும்மா."

புதன்கிழமை காலை கம்பெனிப் பெட்டியின் உள்ளே நுழையப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைப் போட்டார். ஏற்கவில்லை. மாற்றி மாற்றிப் போட்டார். பிறகு ஓர் ஊக்கை நிமிர்த்தி, பின்பக்கம் இருந்த சின்னத் துளைக்குள் விட்டுப் பத்து வினாடி அழுத்தினார்.

பெட்டி அணைந்து எரிந்தது. தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறந்துவிட்டு எரிந்தது. முதல் விளக்கு பச்சை. இரண்டாவது பச்சை. இன்டர்நெட் என்று எழுதிய மூன்றாவது விளக்கு எரியவே இல்லை. புது ரூட்டரை மாட்டினார். அது அவரிடம் மூன்று விஷயம் கேட்டது: லைனின் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓர் எண்.

மூன்றும் அவருக்குத் தெரியாது.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பாட்டு வந்தது. அரைமணி நேரம் கழித்து ஒரு பெண் குரல், புகார் பதிவாகிவிட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்றது. நாற்பத்தெட்டு மணி என்றால் வெள்ளிக்கிழமை.

கம்பெனிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. 'பிரச்சனைன்னா கூப்பிடுங்க. சவரிமுத்து.' கீழே ஒரு போன் நம்பர். ஐந்து மாதத்துக்கு முன் இந்த லைனை இழுத்துக் கொடுத்தவர். திருவேங்கடம் அந்தத் தாளைப் பார்ப்பதும் ரூட்டரைப் பார்ப்பதுமாக மதியம் வரை உட்கார்ந்திருந்தார்.

தவமணி வந்து நின்றார்.

"எரியலையா?"

"வெளிச்சம் வருது. நெட்டு வரல. லைனோட பேரும் பாஸ்வேர்டும் வேணும்."

"யாருக்குத் தெரியும்?"

திருவேங்கடம் தாளைக் காட்டினார்.

"கூப்பிட்டீங்களா?"

"வர மாட்டான்."

"ஏன்?"

"அன்னிக்கு லைன் குடுக்க வந்தப்போ ஒன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மஞ்சள் வயரைச் சுருட்டி ஆணியில தொங்கவிட்டிருந்தான். பாக்கச் சகிக்கல. 'இது கேபிள் வேலையாடா? மாடு கட்டத்தான் நீ லாயக்கு. நீ டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயே கேபிள் போட்டவன் நான்'னு சொன்னேன். எல்லாரும் இருந்தாங்க. நீங்க ஊர்ல இல்ல."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒன்னும் சொல்லல. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இப்ப எந்த மொகத்தை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?"

தவமணி போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"பெரிய வார்த்தையெல்லாம் அன்னிக்கே சொல்லிட்டீங்க ஐயா. இனிமே சொல்ல வேண்டியது சின்ன வார்த்தைதானே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான்காவது ரிங்கில் போனை எடுத்தார்கள். காற்று இரைச்சலாகக் கேட்டது.

"சவரிமுத்துங்களா? கல்லு வீட்லேருந்து பேசறேன். திருவேங்கடம்."

"மாடு கட்டறவன்தான் பேசறேன். சொல்லுங்க சார்."

திருவேங்கடம் நாற்பது நிமிடம் மேடையில் தடங்கல் இல்லாமல் பேசிய ஆள். இப்போது ஒரு வாக்கியம் எழும்பவில்லை.

"நான் பேசினது தப்பு. மன்னிச்சுக்கணும்," என்றார் கடைசியில். "லைனையும் கெடுத்துட்டேன். பெட்டிய அழிச்சுட்டேன். நாளைக்கு இங்க ஒரு பொண்ணுக்குக் கோர்ட்டு இருக்கு. புள்ளை விஷயம்."

காற்று இரைந்தது.

"நான் செங்கம் பக்கம் போஸ்ட் மேல நிக்கிறேன். அஞ்சு மணி ஆகும்." போன் நின்றுவிட்டது.

ஐந்தரைக்கு சவரிமுத்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்னந்தலை வழுக்கை, சட்டைப் பையில் ஒரு தடித்த டைரி. செருப்பை வாசலில் விட்டு, கூடத்துக்குள் வந்து, பெட்டியைப் பார்க்காமல் அதற்கு வந்து சேரும் மஞ்சள் வயரைப் பார்த்தார்.

அவர் விட்டுப்போன சுற்று அங்கே இல்லை. அவர் கிளம்பிய அன்றே திருவேங்கடம் அதை அவிழ்த்து, அலமாரி விளிம்பை ஒட்டிச் செங்கோணமாக மடக்கி, மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது.

சவரிமுத்து பையிலிருந்து வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் கையடக்கமான ஒரு மீட்டரை எடுத்து வயரின் முனையில் பொருத்தினார்.

"மைனஸ் இருபத்தொம்பது."

"எவ்வளவு இருக்கணும்?"

"இருபதை ஒட்டி இருந்தா நல்லது சார். இருபத்தேழைத் தாண்டினா, நெட்டு சொல்லிக்காமப் போகும், சொல்லிக்காம வரும்."

கட்டிங் பிளேயரால் மூன்று கட்டையும் நறுக்கினார். இறுக்கம் விட்டதும் மஞ்சள் வயர் தானாக மெல்ல விரிந்தது. அதைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சுற்றாக்கிப் பழைய ஆணியிலேயே மாட்டினார். மறுபடி மீட்டரை வைத்தார்.

"மைனஸ் பத்தொம்பது."

திருவேங்கடம் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செம்பை மடக்கினா ஒன்னும் ஆகாது," என்றார், யாருக்கோ சொல்வது போல.

"இது கண்ணாடி சார். உள்ள போறது வெளிச்சம். மடக்கின எடத்துல சிந்திடும்."

"அப்ப இந்த அஞ்சு மாசமா நெட்டு விட்டு விட்டுப் போனது..."

"விடுங்க சார். புது ரூட்டர் எங்க இருக்கு? வாங்க."

கடைசி அறையில் பவளக்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சவரிமுத்து ரூட்டரைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திருவேங்கடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே அடிங்க. உங்க ரூட்டர்."

டைரியைப் புரட்டி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பயனர் பெயர். பாஸ்வேர்டு. அந்த எண். திருவேங்கடம் ஒற்றை விரலால் அடித்தார். சவரிமுத்து தன் ஆபீசுக்குப் போன் போட்டு, "கல்லு வீட்டு லைனை பிரிட்ஜ்ல போடுப்பா. ஆமா, பெட்டி சும்மா கடத்திவிட்டாப் போதும். கஸ்டமர் சொந்த ரூட்டர் வச்சிருக்காரு," என்றார். பழைய பெட்டியின் அடையாளத்தை அழித்துப் புது ரூட்டரைச் சேர்க்கச் சொன்னார்.

"வைஃபைக்கு என்ன பேரு வைக்கறது?" என்று திருவேங்கடம் கேட்டார்.

"நிறைமதின்னு வைங்க," என்றாள் பவளக்கொடி.

அடித்தார். ரூட்டர் ஒருமுறை அணைந்து எரிந்தது. சிவப்பு, ஆரஞ்சு. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். பச்சை.

தவமணி டீ கொண்டு வந்தார். வாசல் படியில் நின்று சவரிமுத்து குடித்தார்.

"வர மாட்டீங்கன்னு நெனைச்சேன்," என்றார் திருவேங்கடம். 'நீங்க' என்பது தானாக வந்துவிட்டது.

"கோபம் இருந்துச்சு சார். வண்டிய எடுக்கும்போதும் இருந்துச்சு. எந்த எடத்துல எறங்குச்சுன்னு தெரியல." டீயை ஊதினார். "இந்த வீட்டுக்கு லைன் வரணும்னா கடைசி ரெண்டு கம்பத்தையும் பக்கத்து நெலத்துக்காரப் பட்டம்மா கொல்லையிலதான் நடணும். வெதைச்சுப் பத்து நாள் ஆன மல்லாட்டை, கடலைச் செடி. முடியாதுன்னுதான் சொல்லும்னு நெனைச்சேன். நோயாளிங்க இருக்கிற வீடும்மான்னேன். அந்தம்மா கடப்பாரைய எடுத்துக்கிட்டு வந்து தானே குழி போட ஆரம்பிச்சுடுச்சு. அப்படி வந்த லைன் சார் இது. உங்க மேல கோபம்னு இதை விட்டுட முடியுமா?"

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. திருவேங்கடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தவமணி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா. ரெண்டு வாய்தா போனதுக்குப் பெட்டி காரணம் இல்ல. நான்."

தவமணி ஒரு துண்டை மடித்தார்.

"இனிமே லைன் நிக்கும். சவரிமுத்து யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. பவளக்கொடிகிட்ட நான் இதைச் சொல்லணுமா? நாளைக்குக் கோர்ட்டு. மனசு கலங்கிடுமேன்னு பாக்கறேன்."

"யார் மனசு ஐயா?"

தவமணி அடுத்த துண்டை எடுத்தார்.

"அவ கதவு தெறந்துதான் இருக்கு."

திருவேங்கடம் போனார். கட்டிலுக்கு எதிரில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். மஞ்சள் வயர், மூன்று கட்டு, இருபத்தொம்பது, பத்தொம்பது. தன் பக்கம் நியாயமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

பவளக்கொடி லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்தாள்.

"நாலு மாசம்," என்றாள். "மொத வாய்தாவுலயே பேசியிருந்தா நாலு மாசம் முன்னாடி வந்திருப்பா. அவளுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்து மொளைச்சிருச்சாம். வக்கீலம்மா சொன்னாங்க. பொக்கை வாயா அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது. இனிமேலும் தெரியாது."

"ஆமாம்மா."

"போங்க ஐயா."

அவர் திரும்பினார். வாசல்படியைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"ஐயா. நாளைக்கு நிக்குமா?"

'நான் போடற லைன்' என்று தொடங்க அவருக்கு வாய் வரவில்லை. "சவரிமுத்து சரி பண்ணியிருக்காரு. நிக்கும்."

"அப்ப நாளைக்கு இந்த ரூம்லயே இருங்க. பெட்டி பக்கத்துல. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா எனக்கு வேற ஆள் இல்ல."

கெடுத்தவன் கையிலேயே திரும்பக் கொடுக்கிறாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை பத்தேமுக்காலுக்கே அவர் ரூட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். பவளக்கொடி தலை சீவி, நீலப் புடவை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தவமணி அவள் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துவிட்டு வெளியே போனார்.

பதினொன்று ஐந்துக்குத் திரையில் நீதிபதி வந்தார். கண்ணாடி போட்ட பெண்மணி. பவளக்கொடி தன் பெயரைச் சொன்னாள். போய்ச் சேர்ந்தது. வயதைச் சொன்னாள். சேர்ந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஏதேதோ கேட்டார், சொன்னாள்.

திருவேங்கடத்தின் கண் பச்சை விளக்கை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு தடவை, கழுத்து வலித்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பட்டம்மாவின் வேர்க்கடலைக் காட்டின் ஓரத்தில், கடைசிக் கம்பத்தின் கீழே ஒரு பைக் நின்றது. பக்கத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். ஏணி கம்பத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

திருவேங்கடத்துக்கு விளக்கின் பச்சை கலங்கலாகத் தெரிந்தது. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி விளக்கையே பார்த்தார்.

"நீங்க எழுந்து நடக்க முடியாது," நீதிபதி கேட்டார். "குழந்தை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது தலை பின்னிவிட யார் இருக்காங்க?"

"நான் இருக்கேம்மா," என்றாள் பவளக்கொடி. "அவ கட்டில்ல வந்து உக்காந்தாப் போதும். கை ரெண்டும் எனக்கு நல்லா இருக்கு." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

நீதிபதி சற்று நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். குனிந்து எழுதினார்.

நாற்பத்திரண்டு நிமிடம். ஒரு சொல் சிந்தவில்லை.

விசாரணை முடிந்ததும் திருவேங்கடம் வெளியே ஓடினார். சவரிமுத்து ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சவரிமுத்து..."

"வேற வேலைக்குப் போற வழி சார். மேல ஒரு ஜாயின்ட் பாக்க வேண்டியிருந்துச்சு."

"எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நிமிர்ந்து பாத்தீங்களே ஜன்னல்ல. பாத்தேன் சார்." வண்டி கிளம்பிவிட்டது.

திருவேங்கடம் வேர்க்கடலைக் காட்டுக்குள் நடந்தார். அங்கே ஒரு பெண் களை கொத்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. தலையில் சும்மாடு.

"பட்டம்மாவா?"

"ஆமா. நீங்க யாரு?"

"கல்லு வீட்ல இருக்கேன். உங்க காட்டுல கம்பம் நட எடம் குடுத்தீங்க. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன்."

அவள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க? நடுவுல நிக்காதீங்க, மல்லாட்டை மிதிபடுது. வரப்புல ஏறுங்க."

ஏறினார். அவள் சேலை முந்தியிலிருந்து ஒரு கை வறுத்த கடலையை எடுத்து நீட்டினாள்.

"குழி நான் தனியாவா போட்டேன்? எங்க நாத்தனாரு, பால்காரர் வீட்டு ஆளுங்க, நாலஞ்சு பேரு வந்தாங்க. கம்பத்தைத் தூக்கி நிறுத்த ஒரு ஆளா முடியும்? அவங்களையும் பாருங்க."

வரப்பில் உட்கார்ந்து அவர் கடலையைத் தின்றார். தின்னத் தின்ன, கேட்காமலே பெயர்கள் வந்தன. மழையில் மேன்ஹோலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேபிள் ஒட்டிய லூர்து. அவர் மறந்துபோன வரைபடங்களை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் கிளார்க் அலமேலு. முதல் எக்ஸ்சேஞ்சில் வயரைக் கட்டுவது எப்படி என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த லைன்மேன் குப்பன். தானே கற்றது என்று முப்பத்தாறு வருடமாக நினைத்திருந்த கட்டு அது.

பதினோரு நாள் கழித்து உத்தரவு வந்தது. குழந்தை தாயிடம் இருக்கட்டும். அப்பா மாதம் இரண்டு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மதியம் கோர்ட்டு அனுப்பிய ஓர் அம்மாளோடு நிறைமதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. கடைசி அறைக்குள் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே அழுகையும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. பிறகு சத்தம் ஓய்ந்தது. பவளக்கொடி பல மாதத் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்கிப்போனாள். குழந்தை மெதுவாக எழுந்து வெளியே வந்து, புது வீட்டில் எங்கே போவதென்று தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

திருவேங்கடம் கிணற்றடியில் தவமணியிடம் நின்றிருந்தார்.

"அம்மா, உள்ள அசைய ஆரம்பிச்சுடுச்சு. நிறுத்த முடியல. சவரிமுத்துகிட்டச் சொன்னா பட்டம்மாவைச் சொல்றாரு. பட்டம்மாகிட்டச் சொன்னா இன்னும் நாலு பேரைக் கை காட்டுது. அவங்க வீட்டுக்கும் போனேன், அவங்க வேற யாரையோ சொல்றாங்க. பாதிப் பேர் உசிரோட இல்ல. பவளக்கொடி முன்னாடி போய் நின்னா எனக்கு வார்த்தையே வரல. முழுக்கச் சொல்லி முடிக்க இந்த ஆயுசு போதாது. யார்கிட்டருந்தும்மா ஆரம்பிக்கறது?"

தவமணி வாளியைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் பார்த்தார்.

"அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்திருக்கு அந்தப் புள்ள," என்றார். "போய், சாப்டியான்னு கேளுங்க ஐயா."